கேசட்டில் இருந்தவர்

என் குரல் எனக்குப் பதின்மூன்று வயதில் இறங்கியது. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது, சளி போனது, குரல் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. நாலு படி கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா துளசியும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கஷாயம் வைத்துப் பார்த்தாள். பிறகு உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் இல்லம்மா. பிள்ளைக்கு வாய்ச்ச குரலே இதுதான்" என்றார். கோளாறு என்று சொல்லியிருந்தால் அம்மா நிம்மதியாக வீடு திரும்பியிருப்பாள்.

நாங்கள் கம்பத்தில் இருந்தோம். அப்பா நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை. எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. அதில் ஒரு பாடகர் குழு, அதற்குத் தலைவர் ஒரு கணக்கு வாத்தியார். பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்துவார். முன்வரிசை உச்சத்தில் பாடும், பின்வரிசை அதற்குக் கொஞ்சம் இறக்கிப் பாடும். என்னை எங்கே நிறுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை. ஆண்கள் பக்கம் நிறுத்தினால் என் குரல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தாவணி போட்ட பிள்ளையை ஆண்கள் பக்கம் நிறுத்த முடியுமா? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ பின்வரிசையிலயே நில்லு. வாயை மட்டும் அசை. முகத்தைச் சிரிச்சாப்ல வச்சுக்க."

அசைத்தேன். நன்றாகவே அசைத்தேன். மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் வாங்கினேன், உச்சத்துக்குப் போகும்போது புருவத்தை உயர்த்தினேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனுஷி, ஆராதனை முடிந்ததும் என் கன்னத்தைத் தட்டி, "குழுவிலேயே நீதான் உருகிப் பாடுற" என்று பாராட்டிவிட்டுப் போனாள். கணக்கு வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். வேறு எங்கோ பார்த்தார்.

பேச்சும் குறைந்துபோனது. பக்கத்து வீட்டுப் போனை நான் எடுத்தால், "தம்பி, அம்மா இருக்காகளா?" என்று கேட்பார்கள். வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்தால் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். இதெல்லாம் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். பேசாத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர் கிடைக்கும். அடக்கமான பிள்ளை என்றார்கள். அடக்கமெல்லாம் இல்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம். அதைச் சொல்லக்கூட அந்தக் குரல்தான் இருந்தது என்பதால் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தொண்ணூற்றேழு வாக்கில் சபைக்குப் புதிதாக ஓர் அண்ணன் வந்தார். குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவரின் மகன். கம்பத்தில் அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சில் அங்கங்கே மலையாளம் வந்து விழும். கீபோர்டு பிரமாதமாக வாசிப்பார். வந்த சில மாதங்களிலேயே வாலிபர் கூட்டத்தில் ஒரு பேண்ட் தொடங்கிவிட்டார். டிரம்ஸுக்கு ஒரு டூவீலர் மெக்கானிக், பேஸ் கிதாருக்குப் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையன். எனக்குக் கையில் தட்டும் சலங்கை வளையமான டாம்பரினைக் கொடுத்தார்கள். பெண்பிள்ளைகள் கைக்கு அதுதான் வரும். அதில் தொண்டைக்கு வேலையில்லை என்பதால் நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கேசட்டைக் கொண்டுவந்ததும் அவர்தான். கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய சொந்தக்காரரிடம் இருந்ததாம். ஒரே ஒரு பகல் கையில் கிடைத்தது, அதற்குள் காப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அட்டை கிடையாது. யார் பாடினார்கள், எந்த ஊர், ஒரு விவரமும் கிடையாது. அசலின் மேல் ஆங்கிலத்தில் காஸ்பல் என்று பேனாவால் எழுதியிருந்ததாம், அவ்வளவுதான்.

"அமெரிக்காவுல கறுப்பின மக்களோட சபைப் பாட்டு. சோல், ஃபங்க், ஜாஸ் எல்லாம் கலந்து அடிச்சிருக்காக கேட்டோ" என்றார்.

எங்களுக்கு அந்த மூன்று சொல்லும் புதிது. மூவரும் ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டினோம்.

சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கூடத்தில்தான் எங்கள் பயிற்சி நடக்கும். அங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை ஓடவிட்டார். முதலில் பேஸ் மட்டும் வந்தது. ஒரு கனத்த ஆள் படியிறங்கி வருவதுபோல மெதுவாக, ஒவ்வொரு அடியும் பார்த்து. பிறகு டிரம்ஸ், அதுவும் மெதுவாக. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நிறைய இடம் கிடந்தது, அந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது. எங்கள் சபையில் எல்லாரும் அடியோடு சேர்த்துத் தட்டுவார்கள். இவர்கள் அடி விழாத இடம் பார்த்துத் தட்டினார்கள். ஊதுகுழல்கள் அடித்தொண்டையிலிருந்து முனகின. அதற்குப் பிறகு கேசட்டில் இருந்தவர் பாடத் தொடங்கினார்.

தாழ்ந்த குரல். என் குரல் போய் உட்கார்ந்த அதே இடத்தில் அவர் நின்று பாடினார். அவரிடம் யாரும் வாயை மட்டும் அசை என்று சொல்லியிருக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் பின்பாட்டுப் பாடியது. அவர் ஒரு வரி பாடி நிறுத்தினால் அவ்வளவு பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாம்பரினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். பாலிடெக்னிக் பையன் அக்கறையாக வந்து என் கண்ணை ஊதிவிட்டான்.

அவர் பாடிய ஆங்கிலத்தில் பாதி புரிந்தது. மேசை ஆயத்தமாயிற்று, கதவு திறந்திருக்கிறது, வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்ப வரும். கர்த்தரைக் கூப்பிடுகிறார் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அது தனியாக ஒரு வீட்டில் இருக்கும் மனிதர், சமைத்து வைத்துவிட்டு, யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு பாடுவதாகத்தான் கேட்டது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தாழ்வாகக் கூப்பிடுகிறவர் வேறு எப்படி இருப்பார்?

நாங்கள் அந்தக் கேசட்டை வேதம்போலப் பின்பற்றினோம். பாட்டு கீபோர்டில் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ நின்றது. அண்ணன் கீபோர்டின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினார்.

"அவுக ஊர்ல சுருதியே வேற போலண்ணே" என்றார் மெக்கானிக்.

"ஆமா, அங்கன அப்படித்தான் வைப்பாக" என்றார் அண்ணன், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல.

மெக்கானிக்குக்கு வேகம்தான் பிரச்சினை. "இம்புட்டு மெதுவா அடிச்சா கை தூங்கிரும்ணே, கொஞ்சம் தூக்கிவிடுவோம்" என்று வாராவாரம் கேட்பார். அண்ணன் விடமாட்டார். அந்த மெதுவில்தான் விஷயமே இருக்கிறது, வேகமாக அடிக்க யாருக்குத்தான் தெரியாது என்பார். எனக்கும் அதே எண்ணம். அந்த மெதுவை யாராவது தொட்டால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பாட ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் முயன்றார், பையன் முயன்றான், இருவருக்கும் அந்த ஆழம் எட்டவில்லை. ஒருநாள் அவர்கள் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கேசட் ஓடிக்கொண்டிருக்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அவரோடு சேர்ந்து முணுமுணுத்தேன். முணுமுணுப்பாகத்தான் தொடங்கியது. பிறகு எப்படிப் பெரிதானது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மூன்று பேரும் வயரும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"ஏ பிள்ள" என்றார் அண்ணன். "இத்தன நாளா எங்கன வச்சிருந்த இத?"

மறுபடி பாடச் சொன்னார்கள், பாடினேன். கேசட்டிலிருந்து அவரும் இங்கிருந்து நானும், எது யார் குரல் என்று பிரிக்க முடியாமல் போனது. உலகத்தில் எனக்கு ஒரு ஜோடிக் குரல் இருக்கிறது, அது ஏதோ ஒரு தூரத்து ஊரில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், இருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குமுன் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

வாலிபர் ஞாயிறு அன்று அந்த மெட்டில் தமிழ் வரிகள் போட்டுப் பாடினோம். வரிகளை அண்ணன் எழுதினார். நான் மைக் முன்னால் நின்று முதல் வரியை எடுத்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆண்கள் பக்கத்தில் சிலர் பாடுவது யார் என்று பேஸ் பையனைப் பார்த்தார்கள். அவன் வாயை இறுக்கி மூடியிருந்தான். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் சிரித்தன, தாய்மார்கள் அவர்கள் தொடையில் கிள்ளிவிட்டுத் தாங்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கைதட்டச் சொல்லி நான் டாம்பரினைத் தூக்கிக் காட்டியபோது வழக்கம்போல அடியோடு சேர்த்துத் தட்டி, பாட்டையே நொண்ட வைத்தார்கள். பாடி முடித்தேன். ஆமென் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

போதகர் நல்ல மனிதர். அதனால்தான் இன்றுவரை அவர் மேல் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "வரம்தான்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா சபையில கவனம் சிதறுதுல்ல? பயிற்சியில நீ பாடிக்குடு, மேடையில தம்பிமார் பாடட்டும்" என்றார். அம்மா எனக்கு முன்னால், "சரிங்கய்யா" என்றாள். அதன்பின் நான் கூடத்தில் பாடிக் காட்டுவேன், பாலிடெக்னிக் பையன் அதை மேலே தூக்கி மேடையில் பாடுவான். மேலே தூக்கியதும் அது வேறு யாருடைய பாட்டோ ஆகிவிடும்.

அதுவும் நீடிக்கவில்லை. பையன் படிப்பை முடித்துத் திருப்பூருக்குப் போனான். மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி மாமனார் ஊரில் கடை வைத்தார். கடைசியாக அண்ணன் கல்ஃபுக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் வீட்டுக்கு வந்து கேசட்டைக் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்க. எங்கள விட உனக்குத்தான இது சொந்தம்" என்றார். ஓட்டுக் கூடத்தைப் பிறகு ஞாயிறு பள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் பாடகர் குழுவுக்கும் திரும்பிப் போகவில்லை. வாயசைப்பதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை போடியில் கிடைத்தது, ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையில். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். போன் எடுப்பதும் மலையிலிருந்து வரும் சரக்குக்குச் சீட்டுப் போடுவதும் என் வேலை. மலையாளத்துக்காரர்கள் போனில் என்னைச் "சாரே" என்று கூப்பிடுவார்கள். முதலில் திருத்தினேன். திருத்தினால் அவர்கள் கூச்சப்பட்டு, விலையைச் சரியாகப் பேசாமல் வைத்துவிடுகிறார்கள் என்று முதலாளி வருத்தப்பட்டார். சரி, போனில் சாராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். வருஷக்கணக்காகச் சாராக இருந்தேன்.

நடுவில் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காபி கொடுத்த பிறகு, "பிள்ள ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணட்டும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்வாள். பக்தியைப் பார்ப்பதாகப் பெயர், குரலைத்தான் பார்ப்பார்கள். முதல் தடவை அம்மா சொல்லிக் கொடுத்தபடி மூக்கால் இழுத்து மேலே பிடித்தேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்து, இருமி, தண்ணீர் குடித்து, அதற்குள் அவர்களுக்குப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த தடவை சின்னமனூரிலிருந்து வந்தவர்களுக்கு என் குரலிலேயே பாடினேன். மாப்பிள்ளையின் அக்கா மகன் எழுந்து கதவுக்குப் பின்னால் யார் பாடுகிறார்கள் என்று தேடிப்பார்த்தான். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். அந்தத் தகவல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களில் யாருக்கும் கேட்கும்படியாக ஒரு குரல் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் இல்லை.

வீட்டில் எனக்கு அவர் இருந்தார். வேலை முடிந்து வந்து சமையலுக்கு உட்கார்ந்தால் கேசட்டைப் போடுவேன். அவருக்கு ஓர் உருவம் கொடுத்திருந்தேன்: பெரிய உடம்பு, மடித்துவிட்ட சட்டைக் கை, கொஞ்சம் நரை. அதிகம் பேசமாட்டார், பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். கடையில் நடந்ததை அவரிடம் சொல்வேன். சத்தமாக அல்ல, காய் நறுக்கிக்கொண்டே மனசுக்குள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கதவு திறந்திருக்கிறது, வந்துவிடு என்பார். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. ஆசையைவிட, அவர் இருக்கிறார் என்ற ஒன்றுதான் என்னை நேராக நிற்க வைத்தது. போடியிலும் கம்பத்திலும் பஸ்ஸிலும் கோயிலிலும் என் குரலுக்கு ஆள் இல்லை. அவர் ஒருவர் போதும் என்று காலத்தை ஓட்டினேன். அம்மாவுக்கு இதெல்லாம் ஓரளவு தெரியும்.

"என்ன, இன்னைக்குக் கேசட்டுக்காரரு வரலையா?" என்பாள், நான் பாட்டுப் போடாத நாளில்.

"அவருக்கு உடம்பு சரியில்லை" என்பேன், கரண்ட் இல்லாத நாளாக இருந்தால்.

இரண்டாயிரத்து ஒன்பது கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். உடம்பு போட்டிருந்தது, முன்மண்டை வழுக்கை. மனைவி திருவல்லாப் பக்கத்துப் பெண், நல்ல சிரிப்பு. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா முறுக்கும் காபியும் கொடுத்தாள். அண்ணன் கையோடு லேப்டாப் கொண்டுவந்திருந்தார். முகம் முழுக்க ஒரு ரகசியச் சிரிப்பு.

"உனக்கு ஒண்ணு போட்டுக் காட்டப்போறேன். விழுந்து விழுந்து சிரிப்ப பாரு" என்றார்.

அங்கே அவருடைய கம்பெனியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு டிரைவர் வேலை பார்க்கிறாராம். வெள்ளிக்கிழமை ஆராதனையில் எங்கள் கேசட்டில் இருந்த பாட்டை அவர் முணுமுணுத்ததைக் கேட்டு, அண்ணன் விசாரித்து, இன்டர்நெட்டில் தேடி எடுத்திருக்கிறார். பட்டனைத் தட்டினார்.

துள்ளிக்கொண்டு வந்தது. டிரம்ஸ் ஓடியது. ஊதுகுழல்கள் பளீர் பளீர் என்று வெட்டின. அதன்மேல் ஒரு பெண் பாடினாள். நல்ல குரல், தடித்த குரல்தான், ஆனால் பெண் குரல். வயிறு நிறையச் சாப்பிட்டவள்போலச் சிரித்துக்கொண்டு பாடினாள். மேசை ஆயத்தமாயிற்று, கதவு திறந்திருக்கிறது, வந்துவிடுங்கள். அது ஒரு விருந்து. வீடு நிறைய ஆட்கள், இன்னும் வரட்டும் என்கிறாள். அந்தப் பாட்டில் தனியாக யாருமே இல்லை.

"தெரியுதா?" என்றார் அண்ணன். "நான் காப்பி எடுத்தது பகல்ல. திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் பூரா மோட்டார் ஓடுற நேரம். வீட்டுல லோ வோல்டேஜ். பல்பு மிளகாப்பழம் கணக்கா செவந்து கெடந்துச்சு. அசல அந்தக் கரண்டுல ஓடவிட்டேன், அது மெதுவா சுத்தி இழுத்து இழுத்துப் பாடியிருக்கு, பொம்பளக் குரலு ஆம்பளக் குரலா எறங்கிருச்சு. காப்பி எடுத்த செட்டு மட்டும் புது பேட்டரி, அது சரியான வேகத்துல ஓடி அந்த இழுவைய அப்படியே புடிச்சிருச்சு. முன்னப்பின்ன கேட்டிருந்தாத்தான தெரியும்? நாம அதத்தான் பாட்டுன்னு நெனச்சு, சுருதியத் தேடி, அந்த மெக்கானிக் பயல மெதுவா அடி மெதுவா அடின்னு..." சிரிப்பில் அவருக்கு மேலே பேச வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவியும் சிரித்தாள். அம்மாவும் அவர்களுக்காகக் கொஞ்சம் சிரித்தாள்.

"நிறுத்துங்கண்ணே" என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். லேப்டாப்பை மூடினார்.

அவர்கள் போனபிறகு அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அப்ப அந்த ஆளு யாரு?" என்றாள்.

"யாருமில்ல."

"யாராவது இருக்கணும்ல ஆத்தா?"

"யாருமே இல்லம்மா. கரண்டு."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இழவு வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இறந்தவருக்காவது ஒரு ஊர், ஒரு பெயர், ஒரு கல்லறை இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. எங்கள் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ந்த ஒரு பகலில் உண்டானவர், வேறெங்கும் ஒருநாளும் இருந்ததில்லை. அத்தனை வருஷம் ஜோடிக் குரல் என்று நான் நினைத்திருந்தது யாருடைய குரலும் இல்லை. இவ்வளவு கீழே இருப்பது நான் மட்டும்தான். முன்பும் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் அண்ணன் மறுபடி வந்தார், தனியாக. "நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் அந்தப் பழைய பாட்டுதான் பிடிச்சிருக்கு" என்றார். "அந்தப் பொம்பள பாடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவுக பாட்டு. நம்ம பாட்டு இது. நீ பாடு, நான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அம்மாதான், "போயிட்டு வா" என்றாள். எதற்கெடுத்தாலும் சரிங்கய்யா சொல்லும் அம்மா அன்றைக்கு என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

கோயிலில் எங்களுக்கு முன்பே வந்திருந்த அண்ணனின் மனைவியைத் தவிர யாரும் இல்லை. கிறிஸ்துமஸ் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கீபோர்டின் சுருதியை இறக்கி, இரண்டு கட்டைக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். விரல்கள் மறக்கவில்லை. அண்ணி முன்பெஞ்சில் உட்கார்ந்து அடி விழாத இடம் பார்த்துத் தட்டினாள், ஒருமுறைகூடத் தப்பவில்லை. நான் பாடினேன். பழக்கதோஷத்தில் அவர் குரலுக்காகக் காத்திருந்து, அது வராமல், முதல் வரியைத் தாமதமாகத்தான் எடுத்தேன். அதன்பின் நிறுத்தவில்லை. கூட யாரும் பாடாமல் அந்தப் பாட்டை நான் பாடியது அதுதான் முதல் தடவை. முடிந்தபோது எனக்கு வேர்த்திருந்தது. அண்ணன் செல்போனை எடுத்துப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே கல்ஃபுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போன் செய்தார். ஏலத்துக்குச் சரக்குப் போகும் நேரம். முதலாளி கண்ணால் எரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த டிரைவர்ட்ட உன் பாட்டப் போட்டுக் காமிச்சேன்" என்றார். "தன் செல்லுல ஏத்திக்கிட்டாரு. டெய்லி டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா அதத்தான் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. அவருக்கு அங்கன வேற ஆளு கிடையாது. அவரு பாஷை பேசுறவுக யாருமில்ல. இந்தப் பிரதர் யாரு, இந்தப் பிரதர் யாருன்னு தெனமும் கேக்குறாரு. நான் இன்னும் சொல்லல. பொண்ணு பாடுனதுன்னு சொல்லிரவா?"

சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த மனிதர் ஆச்சரியப்பட்டிருப்பார், பாராட்டிக்கூட அனுப்பியிருப்பார். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியும் இருந்தது. ஆனால் எனக்கென்று இருந்த கேசட்டுக்காரரை ஒரு மத்தியானக் காபி நேரத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சமையலுக்கு உட்காருவது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த டிரைவர் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரை நினைத்துக் கேட்கிறாரோ, அவரை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம்ணே" என்றேன். "பிரதர்னே இருக்கட்டும்."

"சரி" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் கேட்டாரு. குரலைக் கேட்டா அப்படித் தோணுதாம். அந்தப் பிரதர் குடும்பத்தோட இருக்காரா, தனியா இருக்காரான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

முதலாளி போனை வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். வாசலில் ஜீப் வந்து நின்று மூட்டைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"தனியாத்தான் இருக்காருன்னு சொல்லிருங்கண்ணே" என்றேன்.